ஓடுவோர் குதிகால் வலி: காரணமும் பரிகாரமும்



நமது ரெம்பியா, அலோர் காஜா மாவட்டத்தில் ஒரு சிற்றூர்தான். ஆயினும் ஓடுகிறவர்களுக்கு இங்கே குறைவில்லை. சுப்ஹுத் தொழுகை முடிந்து நாம் கடைக்கதவைத் திறக்கும் நேரத்தில், இனிப்புநீர் வியாதிக்காக டாக்டர் நடக்கச் சொன்னதில் தொடங்கி, நடை மெல்ல ஓட்டமாகிப்போன பெரியவர்கள் சிலர் சாலையோரமாக வருவார்கள். பள்ளிக்கூடத்துக் குறுக்கோட்டப் போட்டி நெருங்கினால் தோட்டத்துப் பிள்ளைகளும் கம்பத்துப் பிள்ளைகளும் திடலைச் சுற்றுவார்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நடக்கும் பெரிய ஓட்டங்களுக்குப் பணம் கட்டிப் பெயர் கொடுத்த வாலிபர்கள் மாலையில் ஓடுவார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இவர்களிலேயே பலர் சில வாரங்கள் கழித்து நொண்டிக்கொண்டு வந்து, "பாய், குதிகாலுக்குத் தேய்க்க என்ன எண்ணெய் இருக்கிறது?" என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது.

எண்ணெய்ப் புட்டியை எடுத்து நீட்டுவது நமக்கு எளிது, வியாபாரமும் ஆகும். நாம் வைத்தியர் அல்லோம். என்றாலும், கல்லாவுக்குப் பின்னால் நாள் முழுதும் நிற்கிற நமக்குப் பாதத்தின் அருமை தெரியும். விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும், டாக்டர்கள் எழுதியவற்றைப் படித்தவர்களைக் கொண்டு விளங்கிக்கொண்டும் சேர்த்து வைத்ததை இங்கே எழுதுகிறோம். ஓடுகிறவர்களுக்கு மட்டுமன்றி, நின்று வேலை செய்கிறவர்களுக்கும், சமையற்கட்டில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடமாடும் நம் பெண்களுக்கும் இதில் பாதி பயன்படும்.

பாதம் வேலை செய்யும் விதம்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவை சேர்ந்து வில்போல் வளைந்து நிற்கின்றன. அந்த வில்லுக்கு நாண் கட்டினாற்போல, குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் வேர்வரை பட்டையான ஒரு நார் ஓடுகிறது. அதை நாம் அடிநார் என்று சொல்லிக்கொள்வோம். 1954ஆம் ஆண்டில் ஹிக்ஸ் என்பவர் இந்த நார் வேலை செய்யும் விதத்தை விளக்கி எழுதினார். உருளையில் கயிறு சுற்றிக்கொள்ள வாளி மேலே வருவதை நினைத்துப் பாருங்கள். நாம் குதிகாலைத் தூக்கி முன்பாதத்தை ஊன்றும்போது பெருவிரல் மேல்நோக்கி மடங்குகிறது. மடங்கியதும் அடிநார் விரலின் வேரில் சுற்றி இழுபடுகிறது. இழுபட்டதும் வளைவு உயர்ந்து, பாதம் கட்டைபோல் உறுதிப்படுகிறது. அந்த உறுதியைக் கொண்டுதான் உடலை முன்னே தள்ளுகிறோம். பக்கத்தில் நிற்பவரின் பெருவிரலைத் தூக்கிப் பாருங்கள். உள்வளைவு எழுவது கண்ணுக்கே தெரியும்.

நடக்கும்போது இது நிதானமாக நடக்கிறது. ஓடும்போதோ ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தில் விழுகிறது. சாதாரணமாக ஓடுகிறவர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,000 அடி வைக்கிறார், காலுக்கு 500. ஆக, 5 கிலோமீட்டர் ஓடினால் ஒரு கால் 2,500 முறை அந்தச் சுமையை வாங்கிக்கொள்கிறது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. அல்லாஹ் பாதத்தை அதற்கேற்பவே படைத்திருக்கிறான். சுமை மெல்ல ஏற ஏற நாரும் எலும்பும் தசையும் உறுதிப்படும். ஆனால் அதற்கு நாள் வேண்டும். மூச்சு சில வாரங்களிலேயே ஓட்டத்துக்குப் பழகிவிடும். நாரும் எலும்பும் பழக மாதக்கணக்காகும். "மூச்சு வாங்கவில்லையே, இன்னும் ஒரு சுற்று ஓடலாம்" என்று நினைக்கும் இடத்தில்தான் தொல்லை பிறக்கிறது.

நம் கடைப் பாஷையில் சொன்னால், இது பற்று வரவு விஷயம். மாதம் 100 வெள்ளிக்குப் பற்று எழுதி ஒழுங்காகக் கட்டி வருகிற குடும்பத்துக்கு, 110, 120 என்று ஏறினால் தாங்கும். ஒரே மாதத்தில் 400 வெள்ளிக்கு எழுதினால் எப்பேர்ப்பட்ட நாணயமானவரும் தடுமாறுவார். குதிகாலும் அப்படித்தான். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் தினம் 8 கிலோமீட்டர் ஓடுகிறவர் பாதத்தின் பேரில் கடன் எழுதுகிறார்.

பழகிய குதிகால் எவ்வளவு தாங்கும் என்பதற்கு நமது நாட்டிலேயே சாட்சி உண்டு. 1998ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில், கோ. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் வென்றார். நடைப்போட்டியின் சட்டப்படி எந்நேரமும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும். முன்வைக்கும் கால் தரையைத் தொட்ட கணம் முதல் முழங்கால் மடங்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். அப்படி நடக்கும்போது குதிகால்தான் முதலில் ஊன்றும். அவ்வாறு 50 கிலோமீட்டர்! நாலு மணி நேரத்துக்கு மேல்! ஆண்டுக்கணக்காகப் பழக்கிய பாதம் அது.

காலை முதல் அடி

ஓடுவோருக்கு வரும் குதிகால் வலிகளில் அதிகமாகக் காண்பது அடிநாரின் வலி. பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வரும் என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். குதிவாதம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வலியில் பெரும்பகுதி இதுதான். அடையாளம் எளிது. காலையில் படுக்கையை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில், குதிகாலின் அடியில், உட்பக்கமாக முள் குத்தினாற்போல் சுரீர் என்று வலிக்கும். பத்து இருபது அடி நடந்ததும் தணியும். நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தாலும் அப்படியே. ஓடத் தொடங்கும்போது வலித்து, உடல் சூடானதும் மறைந்து, ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு திரும்பவும் பிடிக்கும். நடுவில் மறைகிறதே என்று நம்பித்தான் பலர் ஓடிக்கொண்டே இருந்து முற்றவிடுகிறார்கள்.

இதற்கு இங்கிலீஷில் உள்ள பெயர், நாரில் அழற்சி என்று பொருள்படும். ஆனால் பழைய நோயாளிகளிடமிருந்து எடுத்த நாரைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, அழற்சியைவிட நார் நைந்து போயிருப்பதே தெரிந்தது என்று 2003ஆம் ஆண்டில் எழுதினார்கள். ஒரு கயிறு தேய்ந்து பிசிறு தட்டுவதுபோல. ஆகவே அழற்சியை அடக்கும் மாத்திரை சில நாள் வலியைக் குறைக்கலாம். நைந்த நாரை அது முறுக்கித் தராது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "குதிகாலில் எலும்பு முள் வளர்ந்திருக்கிறது" என்று சொன்னதும் பலர் கலங்கிப்போகிறார்கள். வலியே இல்லாத அநேகருக்கும் அந்த முள் இருக்கிறது. முள் இல்லாத பலருக்கு வலி இருக்கிறது. வலி தீர்ந்தவர்களின் எக்ஸ்ரேயிலும் முள் அப்படியே நிற்கும். முள்ளை வெட்ட வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், இன்னொரு டாக்டரையும் கேட்டுக்கொள்வது நல்லது.

இனிப் பரிகாரம். முதலாவது, ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். முழுக்க நிறுத்த வேண்டிய அவசியம் எல்லாருக்கும் இல்லை. மேடேறி ஓடுவதையும், விரைந்து பாய்வதையும், தார்ச்சாலையில் ஓடுவதையும் விட்டு, தூரத்தைப் பாதியாக்கிப் புல்தரையில் மெல்ல ஓடலாம். அதுவும் முடியவில்லையென்றால் சைக்கிள் மிதிக்கலாம். மூன்று மாதம் கட்டிலில் கிடந்துவிட்டு எழுந்து ஓடினால் வலி திரும்புவதற்குக் காரணம் உண்டு: ஓய்வில் வலி குறைந்ததே ஒழிய, நார் இன்னும் இளைத்துப் போயிருக்கிறது.

இரண்டாவது, படுக்கையை விட்டு இறங்குமுன் செய்யவேண்டிய ஓர் இழுப்பு. உட்கார்ந்தபடி நோகும் காலை மற்றக் காலின் தொடைமேல் போட்டு, கையால் விரல்களைப் பிடித்து முழங்காலை நோக்கிப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அடிநார் கயிறுபோல் விறைப்பதை மறு கையால் தொட்டுப் பார்க்கலாம். 10 எண்ணும்வரை பிடித்து விடுக. இப்படி 10 தடவை. நாளுக்கு மூன்று முறை; அதில் ஒன்று கட்டாயமாகக் காலை முதல் அடிக்கு முன்.

மூன்றாவதுதான் முக்கியமானது. டென்மார்க் நாட்டில் 48 நோயாளிகளை இரு பிரிவாக்கிப் பார்த்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் மேலே சொன்ன இழுப்பைச் செய்தார்கள். மற்றப் பிரிவினர் படிக்கட்டில் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியைச் செய்தார்கள். மூன்று மாதத்தில் இரண்டாம் பிரிவினர்க்கே அதிக சுகம் தெரிந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவும் ஏறத்தாழச் சமமாகிவிட்டன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செய்யும் விதம் இது: ஒரு துண்டை உருளையாகச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மடங்கி ஏறும்படி ஒற்றைக்காலில் நிற்பது. சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். 3 எண்ணி மேலே எழுந்து, 2 எண்ணும்வரை நின்று, 3 எண்ணி இறங்க வேண்டும். 12 தடவை செய்து சற்று இளைப்பாறி, இப்படி மூன்று சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள்தான், தினமும் செய்யக்கூடாது. இரண்டு வாரம் கழித்து முதுகுப்பையில் கனம் போட்டுக்கொண்டு 10 தடவை, நாலு சுற்று. மேலும் இரண்டு வாரத்தில் கனத்தைக் கூட்டி 8 தடவை, ஐந்து சுற்று. அவர்கள் பையில் புத்தகங்களை வைத்தார்கள். நம் வீடுகளில் ஒரு கிலோ அரிசிப் பொட்டலங்கள் இருக்கின்றன; ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாம். ஒற்றைக்காலில் முடியாதவர்கள் இரண்டு காலிலும் தொடங்கலாம். விரலை ஏன் மடக்க வேண்டும் என்று கேட்பவர்கள், உருளையையும் கயிற்றையும் நினைத்துக்கொள்ளட்டும்.

செய்யும்போது கொஞ்சம் வலிப்பது குற்றமில்லை. மறுநாள் காலை முதல் அடியில் வலி முன்னைவிடக் கூடியிருந்தால் கனம் அதிகம் என்று பொருள். இதற்குப் பொறுமை வேண்டும். ஒரு வாரத்தில் பலன் பார்க்க நினைப்பவர்கள் நாலாம் நாள் விட்டுவிட்டு எண்ணெய்க்கு வருகிறார்கள். எண்ணெய் தேய்ப்பதில் சுகம் உண்டு, அதை மறுக்கவில்லை. நாரின் உறுதி எண்ணெயில் இல்லை. பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் கத்தியின்றிக் குணமாகிவிடும்.

காலணியைப்பற்றி இரண்டு வார்த்தை. தேய்ந்து காகிதம்போலாகிவிட்ட ரப்பர் சிலிப்பரோடு வீட்டுக்குள்ளும் வெளியிலும் திரிகிறவர்கள், வலி இருக்கும் காலத்திலாவது குதிகாலுக்கு மெத்தென்ற அடி உள்ளதைப் போடட்டும். மருந்துக்கடையில் விற்கும் சாதாரண உள்தட்டே பலருக்குப் போதும். நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்துச் செய்விப்பது அதைவிட மேல் என்று எல்லாரிடத்திலும் நிரூபணமாகவில்லை. உடல் எடை கூடியிருந்தால் அதைக் குறைப்பது பாதத்தின் சுமையை நேராகக் குறைக்கும்.

தொழுகையைப்பற்றியும் கேட்கிறார்கள். அத்தஹிய்யாத்து இருப்பில் வலது பாதத்தை நட்டு விரல்களை மடக்கி வைக்கிறோம் அல்லவா? அது மேலே சொன்ன இழுப்பையே ஒத்திருக்கிறது. ஆகவே மெல்ல இருந்து மெல்ல எழுந்தால் பயப்பட வேண்டியதில்லை. தொழுகையை மருந்தென்று நாம் சொல்ல வரவில்லை, அது வணக்கம். பள்ளிவாசலின் கல்தரையில் வெறுங்காலோடு நெடுநேரம் நிற்பதுதான் சிலருக்கு நோவைக் கூட்டும். விரிப்புள்ள இடமாகப் பார்த்து நின்றால் போதும். அதுவும் முடியாதவர் நாற்காலி விஷயத்தை இமாமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

பின்பக்கத்து வலி

குதிகாலின் அடியில் வலிக்காமல், பின்னால் கெண்டைக்காலிலிருந்து இறங்கும் தடித்த நாணில் வலித்தால் அது வேறு. குதிநரம்பு என்று நாம் சொன்னாலும் அது நரம்பு அன்று; தசையை எலும்போடு கட்டும் நாண். காலையில் அது விறைத்து, தொட்டால் தடித்திருக்கும். உலகப் புகழ்பெற்ற ஓட்டக்காரர்களையும் அது விடவில்லை. சீனத்து லியூ சியாங் 2004இல் தடையோட்டத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 2008இல் தம் சொந்த நாட்டுத் தலைநகரான பெய்ஜிங்கில், கோடிக்கணக்கான பேர் பார்த்திருக்க, இந்த நாணின் நோவால் ஓடாமலே திரும்பினார். 2012இல் லண்டனில் முதல் தடையிலேயே விழுந்தார், நாண் அறுந்துவிட்டது.

இதற்கும் சுமையே மருந்தான கதை ஒன்று உண்டு. சுவீடன் நாட்டு டாக்டர் ஆல்ஃபிரட்சன் என்பவருக்கே இந்த நோவு வந்தது. அறுவை சிகிச்சை செய்யும்படி தம் மேலதிகாரியைக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். நோவை முற்றவைத்தால் அறுத்துத்தானே ஆகவேண்டும் என்று, இவர் படியில் நின்று குதிகாலை இறக்கி இறக்கி வலியைக் கூட்டப் பார்த்தார். நோவு முற்றுவதற்குப் பதிலாகச் சுகமாகிவிட்டது! பிறகு ஓடுகிற 15 பேருக்கு அதையே கொடுத்துப் பார்த்து, 12 வாரத்தில் அவ்வளவு பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள் என்று 1998இல் எழுதினார். முழங்காலை நிமிர்த்தி 15 தடவை மூன்று சுற்று, சற்று மடக்கி 15 தடவை மூன்று சுற்று, காலையும் மாலையும். ஆக நாளுக்கு 180 தடவை. நல்ல காலால் எழுந்து, நோகும் காலால் மெல்ல இறங்க வேண்டும். ஆனால் நாண் எலும்பில் சேரும் அடிப்பகுதியில் வலிப்பவர்கள் படியின் மட்டத்துக்குக் கீழே குதிகாலை இறக்கக்கூடாது. சமதரையில் செய்வது நல்லது.

இன்னொன்று. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் சிலருக்கு இந்த நாணைப் பலவீனப்படுத்தும். 60 வயது கடந்தவர்களுக்கு அபாயம் கூடுதல். அவற்றை உட்கொள்ளும் சமயத்தில் நாணில் வலி கண்டால், ஓட்டத்தை நிறுத்தி உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளின் குதிகால்

8 முதல் 14 வயதுக்குள் உள்ள பிள்ளை ஓடிவிட்டு வந்து குதிகால் வலிக்கிறது என்றால், அதைச் சோம்பேறித்தனம் என்று அதட்டும் பெற்றோர் இருக்கிறார்கள். ஐயோ, ஓடவே வேண்டாம் என்று பயந்து நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் தப்பு. அந்த வயதில் குதிகால் எலும்பின் பின்பகுதி இன்னும் குருத்தாகவே இருக்கிறது. கெண்டைக்கால் நாண் அந்த இளம் பகுதியைப் பிடித்து இழுக்கிறது. அமெரிக்க டாக்டர் சீவர் 1912இல் இதை எழுதினார். குதிகாலை இருபக்கமும் அழுத்தினால் பிள்ளை முகம் சுளிக்கும். எலும்பு முற்றியதும் தானே நின்றுவிடும். பிற்காலத்துக்குக் குறை வைப்பதில்லை. அதுவரை ஓட்டத்தையும் தாவுவதையும் குறைத்து, சப்பாத்துக்குள் குதிகாலடியில் மெத்தென்ற தட்டு வைத்தால் போதும். விளையாட்டு ஆசிரியரிடம் தகப்பனார் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1966ஆம் ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில், நமது நாட்டுக்காக எம். ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும், எம். ராஜாமணி பெண்கள் 400 மீட்டரிலும் தங்கம் கொண்டுவந்தார்கள். ஜெகதீசன் டாக்டருமாவார். இன்று திடலைச் சுற்றும் பிள்ளைகளில் எவர் நாளைக்கு அப்படி வருவார் என்று யாருக்குத் தெரியும்? 11 வயதில் இரண்டு மாதம் நிதானிக்க வேண்டிய பிள்ளையை அதட்டி ஓடவைத்து ஓட்டத்தையே வெறுக்கச் செய்துவிட்டால், அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

வெறுங்காலா, சப்பாத்தா

"எங்கள் காலத்தில் வெறுங்காலோடுதான் ஓடினோம், சப்பாத்து வந்துதான் வலியும் வந்தது" என்று பெரியவர்கள் சொல்லுகிறார்கள். அதில் பாதி உண்மை. எத்தியோப்பியாவின் அபெபெ பிகிலா 1960இல் ரோமாபுரியில் வெறுங்காலோடு மராத்தான் ஓடித் தங்கம் வென்றார். இந்தியாவின் சிவ்நாத் சிங்கும் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். அவர் 1978இல் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிய கணக்கு 40 ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் முறியாமல் நின்றது. ஆனால் அவர்கள் சிறுபிள்ளை முதல் அப்படி நடந்த பாதத்தினர். 2009இல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் புத்தகத்தைப் படித்துவிட்டு, ஏராளமான பேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கையுறைபோல் விரல் விரலாக உள்ள மெல்லிய காலணியில் ஓடத் தொடங்கினார்கள். 2013இல் அப்படித் திடீரென்று மாறியவர்களைச் சோதித்தபோது, பலரின் பாத எலும்புக்குள் நீர் கோத்திருந்தது. அதை விற்ற வைப்ரம் கம்பெனி, பாதத்துக்கு நன்மை செய்யும் என்று விளம்பரம் செய்தது பற்றி எழுந்த வழக்கில் 2014இல் பணம் கொடுத்துச் சமாதானமாயிற்று. கழற்றியதில் குற்றமில்லை, ஒரே நாளில் கழற்றியதுதான் குற்றம்.

சப்பாத்து வாங்குவதானால் மாலையில் வாங்குங்கள். நாள் முழுதும் நடந்தபின் பாதம் சற்றுப் பெருத்திருக்கும். அகலத்தைப் பாருங்கள். வங்காளத்துப் பெண் ஸ்வப்னா பர்மனுக்கு ஒவ்வொரு பாதத்திலும் ஆறு விரல்கள். ஐந்து விரலுக்குச் செய்த சப்பாத்துக்குள் அவற்றைத் திணித்து, வலியோடு ஓடியும் தாண்டியும், 2018இல் ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டில் ஏழு பிரிவுப் போட்டியில் தங்கம் வென்றார். அதற்குப் பிறகுதான் ஒரு கம்பெனி அவர் பாதத்துக்கென்றே சப்பாத்து செய்து கொடுத்தது. நமக்கு அப்படி யாரும் செய்து தரப்போவதில்லை. கடைக்காரர், "போடப் போட விரியும்" என்று சொன்னால், திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடைக்குப் போங்கள்.

அபாயமான மருந்து

வலிக்கு உடனே கேட்கும் என்று ஜாமு, மஃஜூன் என்ற பெயர்களில் கைக்குக் கை மாறி விற்பவை இருக்கின்றன. நல்ல மூலிகைச் சரக்குகளை நாம் குறை கூறவில்லை. ஆனால் பதிவில்லாத பலவற்றில் டெக்சாமெத்தசோன் முதலிய ஸ்டீராய்டு மருந்தை ஒளித்துக் கலந்திருப்பதை நமது நாட்டுச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறது. சாப்பிட்ட இரண்டே நாளில் வலி பறந்துவிடும். அதுதான் அதன் வசியம். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், இனிப்புநீர் ஏறும், வயிற்றில் புண் வந்து இரத்தம் கசியும், எலும்பு இளைக்கும். பிறகு பயந்து திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே மோசமாகலாம். ஆகவே சாப்பிட்டு வந்தவர்கள் புட்டியோடு டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். புட்டியின்மேல் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும், அரசாங்கத்தின் மினுங்கும் முத்திரை ஒட்டும் இல்லாததை வாங்காதீர்கள். அவற்றைக் கொண்டுவந்து, "பாய், வைத்து விற்றுப் பாருங்கள்" என்று நம்மிடமும் கேட்கிறார்கள். இலாபம் நல்ல இலாபம்தான். கேட்பவருக்கு நாம் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

டாக்டரே குதிகாலில் போடும் ஸ்டீராய்டு ஊசி வேறு விஷயம். அதற்கு இடம் உண்டு. சில வாரங்களுக்கு வலி குறையும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் அடிநார் அறுவதும், குதிகாலடியில் மெத்தைபோலுள்ள கொழுப்பு கரைவதும் நேரலாம். போட்டி அடுத்த வாரம் இருக்கிறதே என்று ஊசி போட்டுக்கொண்டு ஓடுவது அடகு வைத்த பொருளை மறுபடி அடகு வைப்பது போன்றது.

எப்பொழுது டாக்டரிடம் போகவேண்டும்

குதிகாலை இருபக்கமும் கையால் அழுத்தினால் பெரியவருக்குத் தாங்கமுடியாத வலி, நடக்க நடக்கக் கூடும் வலி, இரவில் படுத்திருக்கும்போதும் விடாத வலி: இவை எலும்பில் கீறல் விழுந்ததற்கு அடையாளமாகலாம். 1855இலேயே பிரஷ்யா நாட்டுப் பட்டாள டாக்டர் பிரைட்ஹாப்ட், அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்குவதை எழுதிவைத்தார். அது எலும்பின் கீறல் என்பது எக்ஸ்ரே வந்த பிறகே தெரிந்தது. இதற்கு மட்டும் ஓட்டத்தை முழுக்க நிறுத்தியே ஆகவேண்டும். தொடக்கத்து எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். வாலிபர் ஒருவருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் அரைமணிக்கு மேல் விறைத்திருந்தால் அது மூட்டுவாதத்தின் ஒரு வகையாக இருக்கலாம். மரத்துப்போதல், எரிச்சல், வீக்கத்தோடு காய்ச்சல் ஆகியவற்றுக்கும் தாமதிக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இனிப்புநீர் உள்ளவர்கள். 2023ஆம் ஆண்டின் நாட்டுச் சுகாதாரக் கணக்கெடுப்பில் வயதுவந்தோரில் 100க்கு 15.6 பேருக்கு அந்த வியாதி இருந்தது. அஃதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவர். ஓடுவதும் நடப்பதும் அவர்களுக்கு நல்லதுதான். ஆனால் நாட்பட்ட இனிப்புநீர் பாதத்தின் உணர்ச்சியைக் கொன்றுவிடும். சப்பாத்துக்குள் கிடக்கும் சிறு கல் அவருக்குத் தெரியாது. சுடுகின்ற ஒத்தடம் தோலை வேகவைப்பதும் தெரியாது. அவர்கள் காலில் சூடுவைத்தல், முரட்டுத்தனமாகப் பிடித்துவிடுதல் இரண்டும் கூடாது. வெறுங்காலோட்டத்தை நினைக்கவே வேண்டாம். ஒரு பாதம் வலியின்றியே சிவந்து, சுடச்சுட வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாதத்து எலும்புகள் உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். இரவில் படுக்குமுன் இரு பாதத்தையும் விரலிடுக்குவரை பார்க்க வேண்டும். குனிந்து பார்க்கமுடியாத அத்தாவுக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். உளூச் செய்யும்போது நாளுக்கு ஐந்து வேளை பாதத்தைக் கழுவுகிறோம். அப்பொழுதே கண்ணையும் ஓட்டினால் தனி நேரம்கூட வேண்டியதில்லை. கழுவியபின் விரலிடுக்கு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

வலி தணிந்து திரும்ப ஓடத் தொடங்குகிறவர்களுக்கு வழி இது. முதலில் அரைமணி நேரம் வலியின்றி விரைந்து நடக்க முடிய வேண்டும். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை முதல் அடியில் வலி கூடவில்லையென்றால், அடுத்த வாரம் ஓட்டத்தை ஒரு நிமிடம் கூட்டலாம். கூடியிருந்தால் முந்தின வாரத்துக் கணக்குக்கே திரும்ப வேண்டும். துண்டு சுருட்டிய பயிற்சியை அப்பொழுதும் விடக்கூடாது; அடுத்த நாட்களில் மாற்றிச் செய்யலாம். காலை வலியைப் பூஜ்யம் முதல் 10 வரை ஒரு மதிப்பெண்ணாக நாட்காட்டியில் தினமும் குறித்துவந்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது மாதக் கடைசியில் தெரிந்துவிடும். நாட்காட்டி இல்லாதவர்கள் கடைக்கு வந்து கேளுங்கள். இந்த வருஷத்துக் கட்டில் இன்னும் சில மீதி இருக்கின்றன.